சித்தி படம் போட்ட இரண்டு வாழ்த்து அட்டைகள்

நம் வயதுக்காரர்களுக்கு ஃப்ளாப்பி என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. உள்ளங்கையில் அடங்கும் கறுப்புச் சதுரம், ஓரத்தில் ஒரு சின்னத் தகரக் கதவு. அந்தக் கதவை விரலால் தள்ளித் தள்ளி விளையாடி, உள்ளே இருந்ததைத் தொலைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! நெட் சென்டரில் ஸ்கேன் செய்து வாங்கினால் ஒரு ஃப்ளாப்பியில் ஒரு முகம்தான் அடங்கும். இரண்டு முகம் வேண்டுமென்றால் இரண்டு ஃப்ளாப்பி. காதோரம் நரைத்து, மாத்திரை அட்டையைத் தள்ளிப் பிடித்துப் படிக்கும் வயதுக்கு வந்துவிட்டோம். என்றாலும், அப்படி ஒரு ஃப்ளாப்பியில் கொண்டுவந்த முகத்துக்கு நான் செய்த காரியத்தை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. சித்தூரில் ஒரு மாடி வீட்டின் மேல் பகுதியில் குடியிருந்தோம். நைனா, அம்மா, சித்தி, நான் என்று நான்கு பேர். நைனா ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் ஸ்டோர் கிளார்க். மாம்பழக் காலத்தில் அவர் முகத்தையே பார்க்க முடியாது. சீசன் முடிந்துவிட்டால் மத்தியானமே வீட்டுக்கு வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் கடிகாரத்தைக் கழற்றித் துடைப்பார். அப்படி ஒரு நவம்பர் மாதத்தில் ஆட்டோவில் ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

"ஆபீசுக்குப் புதுசு வந்துட்டுது. பழச எடுத்துக்கினு போய்யான்னுட்டாரு மேனேஜரு" என்றார். அவர் குரலில் இருந்த பெருமையை அம்மா கவனிக்கவில்லை. "எங்க வெக்கிறது இத?" என்றுதான் கேட்டாள்.

ஃபேக்டரியில் எத்தனை வருடம் இருந்ததோ, அந்தப் பிரிண்டருக்குள் மாம்பழ வாசனை ஏறியிருந்தது. பழுத்துப் புளிக்கத் தொடங்கும் வாசனை. சூடாகிவிட்டால் வெளியே வரும் தாளிலும் அது ஒட்டியிருக்கும். இங்க் தீர்ந்தால் மருந்துக் கடையில் ஊசி வாங்கிவந்து, சின்னக் குப்பியிலிருந்து உறிஞ்சி, பஞ்சுக்குள் சொட்டுச் சொட்டாக இறக்குவோம். நீலம், மஞ்சள், ரோஸ் என மூன்று குப்பிகள். என் பத்து விரல்களும் ஹோலி ஆடியதுபோல் இருக்கும். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு டீச்சர் என் கையைத் தூக்கி வகுப்புக்கே காட்டினார்.

புது வருடத்துக்கும் பொங்கலுக்கும் வாழ்த்து அட்டை நாமே செய்வோம் என்ற யோசனை சித்தியுடையது.

சித்தி அம்மாவின் தங்கை. இருவரும் நகரியில் பவர்லூம் வீட்டில் பிறந்தவர்கள். பெற்றவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போய்விட, நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே சித்தி எங்களிடம் வந்துவிட்டாள். இது நடந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளியில் எல்கேஜி டீச்சராக இருந்தாள். இடது கன்னத்தில், உதட்டோரம் தொடங்கித் தாடை வரைக்கும், அவளுக்கு வெண்புள்ளி. அது தொற்றாது, வலிக்காது, ஒன்றும் செய்யாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தெருவில் இருந்தவர்களுக்கு டாக்டர் சொல்லவில்லை. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் அடுத்த குடம் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும். அவள் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் வேறு மாதிரி. "டீச்சர், பால் குடிச்சிட்டுத் தொடச்சிக்கலயா?" என்று ஒரு பொடிசு தன் சட்டை நுனியால் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டதாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

வீட்டில் கேமரா அவள் கையில்தான் இருக்கும். கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் சித்திதான் படம் எடுப்பாள். நன்றாக எடுப்பாள். எங்கள் ஆல்பத்தைப் புரட்டினால் எல்லோரும் இருப்போம், சித்தி இருக்க மாட்டாள். அவளுக்குப் படம் எடுப்பதில் ஆசை என்றே பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் அட்டைகளை நைனா படத்தை வைத்துத்தான் செய்தோம். கெட்டித் தாளை இரண்டாக மடித்து, முன்பக்கம் நைனா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படம், உள்ளே ஹேப்பி நியூ இயர். கம்ப்யூட்டரில் தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை. இரண்டையும் சித்தி ஸ்கெட்ச் பேனாவால் எழுதுவாள். அவள் தெலுங்கு எழுத்து உருட்டி வைத்த உருண்டை போல அழகாக இருக்கும். பாதியில் ரோஸ் இங்க் தீர்ந்துபோனது எங்களுக்குத் தெரியவில்லை. கடைசியில் வந்த நான்கைந்து அட்டைகளில் நைனா முகம் ஒரு மாதிரி மஞ்சளாக, பச்சை கலந்து இருந்தது. வீணாக்க வேண்டாமென்று அவற்றையும் தபாலில் போட்டுவிட்டோம்.

ஒரு வாரம் போயிருக்கும். விஜயபுரத்தில் வேர்க்கடலை பயிரிடும் பெரியப்பா காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒரு கையில் இளநீர்க் குலை, மறு கையில் வேரோடு பிடுங்கிய கீழாநெல்லிக் கட்டு. வாசலிலேயே நின்று நைனாவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

"இன்னாடா, மஞ்சக் காமாலன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? போட்டோ புட்ச்சி அனுப்பித்தான் தெரியணுமா?"

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணா! இங்க் தீந்து போச்சி!"

"எது தீந்து போச்சி?"

அன்றைக்கு வீடே சிரித்தது. பெரியப்பா மட்டும் நம்பவில்லை. கீழாநெல்லியை அரைத்து, மோரில் கலக்கி, நைனா குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். நேரில் நல்லபடியாக நிற்கும் தம்பியைவிட, தபாலில் வந்த முகம்தான் அவருக்கு நிஜம். அன்று அது எனக்கு வேடிக்கையாக இருந்தது, அவ்வளவுதான்.

டிசம்பரில் ஒரு நாள் மொட்டை மாடியில் சித்தி எங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். வடாம் காய்ந்துகொண்டிருந்தது. அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்காமல் நான் ஓடிப்போய்க் கேமராவைப் பிடுங்கிக்கொண்டேன். "ஏய், ஒண்ணுதான் பாக்கி கீது ரோல்ல, அழுத்திடாத!" என்று கத்தியபடி சித்தி சிரித்துவிட்டாள். அழுத்திவிட்டேன்.

ஸ்டூடியோவில் கழுவி வந்தபோது அந்தக் கடைசிப் படத்தைப் பார்த்து நான் அசந்துபோனேன். நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் சித்தி. மூக்குத்தியில் வெயில் பட்டு ஒரு பொறி. அவ்வளவு அழகு. வெண்புள்ளியும் இருந்தது.

நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். நைனா படத்தை நெட் சென்டரில் ஸ்கேன் செய்தது போலவே இதையும் செய்து, ஃப்ளாப்பியில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கம்ப்யூட்டரில் படம் வரையும் புரோகிராம் ஒன்று இருந்தது. அதில் ஒரு இடத்தை வெட்டி எடுக்கலாம், கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பலாம், வேறு இடத்தில் ஒட்டலாம். சித்தியின் வலது கன்னத்தை வெட்டித் திருப்பி இடது கன்னத்தின் மேல் ஒட்டினேன். ஓரங்களில் கோடு தெரிந்தது. புள்ளி புள்ளியாக நிறம் வைத்து அந்தக் கோட்டை அழிக்க இரண்டு மத்தியானம் ஆயிற்று. முடித்தபோது சித்திக்கு வெண்புள்ளி இல்லை. ஏதோ பெரிய டாக்டர் ஆகிவிட்டதுபோல எனக்கு நெஞ்சு விம்மியது.

சித்தி பள்ளியிலிருந்து வருவதற்குள் அட்டையாக அச்சடித்து, முதலில் அம்மாவிடம் காட்டினேன். அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அழுதுவிட்டாள்.

"சின்ன வயசுல இப்டித்தான் இருந்தா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொண்ணு எடுத்துக் குடு பாப்பா. சித்தி கிட்ட இப்போ காட்டாத" என்றாள்.

பொங்கலுக்குச் சித்தியை அதிசயிக்க வைக்கப் போகிறோம் என்று நான் நினைத்துக்கொண்டேன். இன்னொன்று எடுத்துக் கொடுத்தேன். இந்தத் தடவை மூன்று நிறமும் நிறைய இருந்தன.

மறுநாள் காலையில் நைனா அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் வெகுநேரம் நின்றார். ஒரு தடவை அம்மாவைப் பார்த்தார். "நல்லா கீதா நைனா?" என்று கேட்டேன். "உம்" என்றார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஃபேக்டரி வேலையாகத் திருப்பதிக்குப் போனார். என் கைவேலையை ரசிக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு மனிதர் தனக்குச் சரியென்று படாத காரியத்தைச் செய்யப் போகும்போது எப்படி நிற்பார் என்பது அந்த வயதில் எப்படித் தெரியும்?

புது வருடம் பிறந்து நான்கைந்து நாள் கழித்து அம்மா பூரிப்போடு அறிவித்தாள். சித்தி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"திருப்பதி எடம் சரின்னுட்டாங்கடீ. பூர்வீகம் புத்தூரு பக்கம், நம்மாளுங்கதான். பையன் அலிபிரில போட்டோ புடிக்கிறான். போட்டோவப் பாத்துட்டு அவங்கம்மாவுக்கு ரொம்பப் புடிச்சிப் போச்சாம். பொங்கல் கழிச்சிப் பொண்ணு பாக்க வராங்க."

சித்தி மடிப்பதை நிறுத்தினாள். "எந்தப் போட்டோ?"

அம்மா என்னைப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "நான் செஞ்ச கார்டு சித்தி! உன் மூஞ்சியில அது இல்லாமப் பண்ணிட்டேன். ஒருத்தராலயும் கண்டுபுடிக்க முடியாது!"

சித்தி என்னைப் பார்த்தாள். கோபமில்லை. வாசலில் யாரோ கூப்பிட்டார்கள், யாரென்று தெரியவில்லை என்பதுபோல ஒரு பார்வை.

"அன்னிக்கிப் பவுடர் கொஞ்சம் அழுத்திப் போட்டுக்கினா போதும். அப்பால தெரிஞ்சா தெரியட்டும். கல்யாணம் ஆயிட்டா ஒண்ணும் பண்ண மாட்டாங்க" என்று அம்மா வேகமாகச் சொன்னாள். "உனக்கு நல்லது நடக்கணும்னுதானே..."

சித்தி எழுந்து என் கையைப் பிடித்தாள். "காட்டு" என்றாள்.

கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்டினேன். பெட்டி மாதிரி இருக்குமே அந்தக் காலத்துத் திரை, அதில் விரல் வைத்தாள். சடசடவென்று மின்சாரம் பொரிந்தது. விரலை எடுக்காமல் அந்தக் கன்னத்தின் மேல் வைத்திருந்தாள்.

"யாரு இது?"

"நீதான் சித்தி."

"அழகா கீறா" என்றாள். போய் மிச்சத் துணியை மடித்தாள்.

எனக்கு அப்போதுதான் ஏதோ தவறு என்று பட்டது. என்ன தவறு என்று புரியவில்லை. சாப்பிடப் பிடிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, பள்ளிக்கூடம் விடுமுறையான ஒரு காலையில், சித்தி என்னை மாடிக்குக் கூட்டிப்போய்க் கேமராவைக் கொடுத்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். முகத்தில் பவுடர் இல்லை. இடது கன்னம் வெயிலைப் பார்த்து இருந்தது.

"எடு பாப்பா. கிட்ட வந்து எடு. பயப்படாத."

கிட்டே போனேன். மூன்று படம் எடுத்தேன். ரோல் முழுவதும் முடியும் வரை காத்திருக்காமல் அன்றே ஸ்டூடியோவில் கொடுத்துக் கழுவி வாங்கினோம். நெட் சென்டரில் ஸ்கேன் செய்த பையன் சித்தியை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அசையவில்லை. ஒரு ஃப்ளாப்பி, ஒரு முகம்.

ரோஸ் இங்க் மறுபடியும் தீர்ந்திருந்தது. சித்தியே ஊசியை எடுத்து நிரப்பினாள். "மஞ்சளா வந்தா பையனோட அம்மாவும் கீழாநெல்லி எடுத்துக்கினு வந்துடும்" என்றாள். சிரித்தோம். இரண்டு நாளாக அவள் சிரிக்கவில்லை என்பது சிரித்த பிறகுதான் உறைத்தது.

பிரிண்டர் கிர்ரென்று முனகி, வரி வரியாக அவளை வெளியே தள்ளியது. நெற்றி, கண், மூக்குத்தி, பிறகு கன்னம். ஈர மையில் அந்த வெள்ளை இடம் மட்டும் தாளின் வெள்ளையாகவே இருந்தது. அங்கே பிரிண்டருக்கு வேலை இல்லை.

அட்டையின் உள்ளே ஒரு பக்கம் தெலுங்கிலும் ஒரு பக்கம் தமிழிலும் ஒரே விஷயத்தை எழுதினாள். அதை நான் வாசித்தேன், இன்றும் மறக்கவில்லை: 'அம்மாவுக்கு வணக்கம். இதற்கு முன்னால் உங்களுக்கு வந்த படத்தில் என் கன்னத்தை மாற்றியிருந்தார்கள். என் முகம் இதுதான். பத்து வருடமாக இப்படித்தான் இருக்கிறது. பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பொங்கல் வாழ்த்துகள்.'

மாப்பிள்ளை வீட்டு முகவரி நைனாவுக்குத்தான் தெரியும். அவரிடம் கேட்டால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். மாப்பிள்ளை அலிபிரியில் படம் எடுக்கிறார் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். இங்க் வாங்கப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு இருவரும் திருப்பதி பஸ் ஏறினோம். சித்தி ஜன்னலோரம். வழியெல்லாம் மாந்தோப்புகள் பூ விடத் தொடங்கியிருந்தன. அட்டையை ஒரு நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்து மடியில் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

அலிபிரியில் மலையேறக் கிளம்பும் கூட்டம். கற்பூரப் புகை, தேங்காய் உடையும் சத்தம், முதல் படிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடும் பெண்கள். புத்தூர்ப் பக்கத்து போட்டோக்காரர் என்று விசாரித்ததில் தேங்காய்க் கடைக்காரர் ஒரு மரத்தடியைக் காட்டினார். அங்கே பலகை நிறையப் படங்களை மாட்டிவைத்து, கழுத்தில் கேமராவோடு ஒருவர் நின்றிருந்தார். ஒரு நிமிடத்தில் படத்தை வெளியே தள்ளும் கேமரா. முப்பது வயதிருக்கும். ஒல்லி, முன்நெற்றி ஏறத் தொடங்கியிருந்தது.

"ரண்டம்மா, ஃபோட்டோ திய்யாலா?" என்று தெலுங்கில் படம் எடுக்கக் கூப்பிட்டார்.

"சித்தூர்ல இருந்து வரோம். நீங்க பொண்ணு பாக்க வரதா இருந்த வீடு" என்றாள் சித்தி தமிழில்.

அவர் கேமராவைக் கீழே இறக்கினார். சித்தி அட்டையை நீட்டினாள். வாங்கிப் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு பலகைக்குப் பின்னால் இருந்த தகரப் பெட்டியைத் திறந்து என்னுடைய அட்டையை எடுத்தார்.

"எனக்குத் தெரியுங்க" என்றார்.

என் அட்டையைச் சித்தி பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"இங்க பாருங்க. வலது கன்னத்துல ஒரு மச்சம் கீது. இடது கன்னத்துலயும் அதே மச்சம், அதே எடத்துல. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மச்சம் யாருக்கு இருக்கும்? வெளிச்சமும் இந்தப் பக்கத்துல இருந்து வருது, நெழலு தப்பா வுழுது. நாளைக்கி நூறு மூஞ்சி பாக்கறேன் நானு. பாத்தவுடனே தெரிஞ்சிட்டுது, எதையோ மறைச்சிக்கீறாங்கன்னு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த மச்சம் என் கண்ணில் படவே இல்லை. இரண்டு மத்தியானம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தும், மறைக்க வேண்டியதைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை.

"யாரு செஞ்சது?" என்றார்.

"நான்தான்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"நல்லாத்தான் செஞ்சிகீற. அழாத."

"தெரிஞ்சிக்கினே சரின்னு சொன்னீங்களா?" என்று சித்தி கேட்டாள்.

"ஆமா. எதோ கீதுன்னு தெரியும். இருந்தா இன்னா? அந்தச் சிரிப்ப யாரும் வரைய முடியாதில்ல?" சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். வெட்கப்பட்டார் என்று இப்போது சொல்வேன். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அம்மாவுக்குத்தான் தெரியாது. மொத அட்டயத் தெருவுக்கே காட்டிக்கினு கீறாங்க. நீங்க இத எங்கிட்டயே குடுத்துட்டுப் போங்க. பொண்ணு பாக்க வரப்போ கொஞ்சம் பவுடர் போட்டுக்கினா... கல்யாணம் ஆவற வரைக்கும்தான். அப்பால நான் பாத்துக்கறேன்."

நல்ல மனிதர்தான். இருந்தாலும் அம்மா சொன்னதையேதான் அவரும் சொன்னார். சித்தியின் கை என் தோளில் இருந்தது. அது இறுகியதை உணர்ந்தேன்.

"உங்க மனசு நல்ல மனசுங்க" என்றாள். "ஆனா கல்யாணத்துக்கப்பறம் உங்கம்மா கூடத்தான் நான் இருக்கணும். ஒரே அடுப்புல சமைக்கணும். மொத நாள்ள இருந்து அவங்க மூஞ்சியப் பாக்க நான் பயந்துக்கினே இருக்கணுமா? என்னால ஆவாது. இந்த அட்ட உங்களுக்கு இல்ல. தொறந்து பாருங்க, அவங்களுக்குத்தான் எழுதிகீறேன். குடுக்க முடிஞ்சா குடுங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, எடுத்துக்கினு போறேன்."

அவர் அட்டையைத் திறந்து வாசித்தார். மலையேறும் கூட்டம் கோவிந்தா போட்டது. யாரோ ஒருவர் மொட்டைத் தலையும் சந்தனமுமாக வந்து படம் எடுக்கச் சொன்னார். "ஒக்க நிமிஷம் சார்" என்று அவரை நிற்க வைத்துவிட்டு, அட்டையை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"குடுக்கறேன்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் சித்தி தூங்கிவிட்டாள். என் தோளில் சாய்ந்து வாய் லேசாகத் திறந்து தூங்கினாள். அவள் பாரத்தை நான் தாங்கியது அதுதான் முதல் தடவை.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்தபோது அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "உனக்குன்னு யாரு கீறாங்க என்னத் தவிர? உன் கையாலயே உன் தலையில மண்ண வாரிப் போட்டுக்கினியே" என்று மட்டும் சொல்லி, ஒரு வாரம் தங்கையோடு பேசவில்லை. பிரிண்டர் மேல் பழைய வேட்டியைப் போர்த்தி மூடிவிட்டாள். அம்மாவை அப்போது நான் வெறுத்தேன். குழாயடியில் ஒதுங்கி நின்ற குடங்களை எண்ணி எண்ணித்தான் அவள் அந்தப் பொய்யைச் சொல்லத் துணிந்தாள் என்பது, எனக்கு ஒரு மகள் பிறந்து, அவளை முதல் முறையாகப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு வந்த நாளில்தான் புரிந்தது.

பொங்கல் வந்தது, போனது. திருப்பதியிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. கரும்பு உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நைனா, ஒரு துண்டைச் சித்தியிடம் நீட்டியபடி, "அம்மாடி, அன்னிக்கி அத நான் கொண்டுபோய்க் குடுத்திருக்கக் கூடாது" என்றார். "உடுங்க மாமா" என்றாள் சித்தி. நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கரும்புச் சக்கை பட்டுவிட்டது என்றார்.

ஜனவரி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி இருக்கும். படியில் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வரும் சத்தம். பருத்த உடம்பு, முழங்கால் வலி நடையிலேயே தெரிந்தது. கையில் ஒரு துணிப்பை. தனியாக வந்திருந்தார்.

"அலிபிரில போட்டோ புடிக்கிறானே, அவங்கம்மா நானு" என்றார்.

அம்மா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அந்த அம்மாள் உட்காரவில்லை. உள்ளேயிருந்து சித்தி வந்தாள். வீட்டில் கட்டும் புடவை, கையில் அரிவாள்மனையில் நறுக்கிய கத்தரிக்காயின் கறை. அந்த அம்மாள் பையிலிருந்து அட்டையை எடுத்தார். இரண்டாவது அட்டை. அதைச் சித்தியின் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, நிதானமாகப் பார்த்தார்.

"சரிதான். இதுல எதும் மாத்தல" என்றார்.

"இல்லங்க" என்றாள் சித்தி.

"மொதல்ல வந்ததத் தெருவுக்கெல்லாம் காட்டினேன். இத யாருக்கும் காட்டல. பொட்டிக்குள்ள வெச்சிப் பூட்டிட்டேன். வேணாம்னு சொல்லிடலாம்னுதான் இருந்தேன். ஆனா தெனம் ஒரு வாட்டி தொறந்து பாக்கறேன். இன்னாத்துக்குப் பாக்கறேன்னு எனக்கே தெரியல."

"கோவமா கீறீங்களா?"

"கோவந்தான். உங்கக்கா மேல." அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "உம்மேல எப்டி கோவப்படறது? நீதான் சொல்லிட்டியே." பிறகு கேட்டார்: "அது பரவுமா?"

"பத்து வருஷமா இவ்ளோதான் கீது. நாளைக்கிப் பரவாதுன்னு சொல்ல எனக்குத் தெரியாது. தொட்டா ஒட்டாது. அது மட்டும் நிச்சயம்."

"பொறக்கற புள்ளங்களுக்கு?"

"வராதுன்னுதான் டாக்டர் சொல்றாரு. ஆனா வரவே வராதுன்னு அவரும் சொல்லல."

அந்த அம்மாள் அட்டையைப் பையில் வைத்தார். அடுப்பில் குழம்பு கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் மெல்ல நடந்து, கூடத்தின் நடுவில், சுவரைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்க முடியாமல் மடக்கித் தரையில் உட்கார்ந்தார்.

"காலைல கெளம்பினது. சோறு ஆயிட்டுதா? எல போடு, துன்றேன்" என்றார்.

உங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகாத வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க மாட்டார்கள். அம்மா அப்படியே நின்றாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். இலை போட்டது சித்திதான். அந்த அம்மாள் இரண்டு முறை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மாங்காய் சீசன் தொடங்குவதற்குள் கல்யாணம் முடிந்தது. ஃபேக்டரி திறந்துவிட்டால் நைனாவுக்கு லீவு கிடைக்காது. கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் சித்தி இருந்தாள், நேராகப் பார்த்துக்கொண்டு.

மறுவீடு முடிந்து அவர்கள் திருப்பதிக்குக் கிளம்பிய காலை, வேன் கீழே நின்றது. அதுவரை நான் சித்தியிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்க வாயெடுக்கும்போதெல்லாம் அவள் வேறு பேச்சு எடுத்துவிடுவாள். அன்று சீப்பை எடுத்துக்கொண்டு என்னைத் தன் முன்னால் உட்காரவைத்தாள். நான் பிறந்ததிலிருந்து என் தலையில் அம்மா கை வைத்ததைவிட அவள் கை வைத்ததுதான் அதிகம். முகத்தைப் பார்க்காமல் பேசுவது எளிதாக இருந்தது.

"சித்தி, நான் அப்டிப் பண்ணியிருக்கக் கூடாது."

சீப்பு நிற்கவில்லை. வகிடு எடுத்து, இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்தைப் பின்னத் தொடங்கினாள்.

"நல்லாத்தான் பண்ணியிருந்த. அவ அழகாத்தான் இருந்தா" என்றாள். "ஆனா அவளுக்கு உன்னத் தெரியாது பாப்பா. ஒரு நாளு கூட உனக்குத் தல பின்னி உட்டதில்ல அவ."

கீழே வேன்காரர் ஹாரன் அடித்தார். கூடத்தில் எங்கள் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் அம்மா எங்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "நிதானமா வரட்டும், இன்னும் ஒரு சடை பாக்கி கீதில்ல!" என்று அவரை அதட்டினார்.